மயக்க மருந்து டாக்டரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

சென்னையில் மெடிக்கல் பில்லிங் என்றால் இன்றைக்கு யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு ஏ.ஆர். காலராவது இருக்கிறார். நான் இந்த வேலைக்கு வந்த 2000-ஆம் ஆண்டில் அப்படி இல்லை. ராத்திரி வேனில் ஏறிப் போய் விடிகாலையில் திரும்புகிறாளே, அது என்ன ஆபீஸ் என்று அக்கம்பக்கத்தார் அம்மாவைக் கேட்பார்கள். "அமெரிக்காவுல டாக்டருங்களுக்கு இன்சூரன்ஸ்காரன் தர வேண்டிய காசை இவ போன் போட்டு வசூல் பண்றா" என்பார் அம்மா. எங்கள் தொழிலை அதைவிடச் சரியாக ஒரே வாக்கியத்தில் சொன்னவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அங்கே சாயங்காலம் கிளினிக் மூடும்போது ஸ்கேன் செய்து அனுப்பும் சீட்டுகள் இங்கே காலையில் வந்து விழும். பகல் ஷிப்ட் அவற்றைக் கிளெய்மாக ஏற்றும். ராத்திரி ஷிப்ட், பணம் வராத கிளெய்ம்களுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போடும். அரை மணி நேரம் ஹோல்டு இசை கேட்டு, எதிர்முனையில் வரும் ரெப்பிடம் நோயாளியின் பிறந்த தேதி, சிகிச்சை தேதி, பில் தொகை எல்லாம் ஒப்பித்து, ஏன் கட்டவில்லை என்று கேட்க வேண்டும். நான் முதலில் காலர், பிறகு டீம் லீட், அப்புறம் டாக்டர்களை இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு ஒப்பந்தத்தில் சேர்க்கும் பிரிவு, இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கடைசியில் கைக்கு வந்து சேர்வது ஒரே தாள்தான். ஒரு கிளெய்மை இன்சூரன்ஸ் கம்பெனி எப்படித் தீர்த்தது என்று வரிவரியாகச் சொல்லும் இ.ஓ.பி.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இரண்டு இ.ஓ.பி.களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பெயர், எண் எல்லாம் அழித்த பழைய தாள்கள். ஒரே நோயாளி, ஒரே நாள், ஒரே ஆபரேஷன் தியேட்டர். முழங்காலில் ஆபரேஷன். முதல் தாள் சர்ஜனுடையது. பில் 6,000 டாலர். இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்ட அலவ்டு தொகை 1,450. மீதி 4,550-க்கு எதிரே சி.ஓ. 45 என்று போட்டிருக்கும். ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட விலைக்கு மேற்பட்ட தொகை, டாக்டரே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அர்த்தம். அலவ்டு தொகையில் 80 சதவீதமான 1,160-ஐ கம்பெனி கட்டியது. நோயாளி கட்ட வேண்டியது 290.

இரண்டாவது தாள் மயக்க மருந்து கொடுத்தவருடையது. அவர் நெட்வொர்க்கில், அதாவது அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தத்தில், இல்லை. எங்கள் பாஷையில் 'நான்-பார்'. பில் 2,400. கம்பெனி தன் கணக்கில் 900 நியாயம் என்றது. வெளி டாக்டருக்கு 60 சதவீதம்தான், எனவே 540 கட்டியது. 360 நோயாளியின் பங்கு. மீதி 1,500-க்கு எதிரே அதே 45-ஆம் எண். முன்னால் மட்டும் சி.ஓ.வுக்குப் பதில் பி.ஆர். என்று இருக்கும். பி.ஆர். என்று விழுந்தால் நோயாளியின் பொறுப்பு. ஆகக் கத்தி பிடித்தவருக்கு 290, தூங்க வைத்தவருக்கு 1,860.

பிள்ளைகள் உடனே கேட்பது ஒரே கேள்வி. "அக்கா, அந்த மயக்க மருந்து டாக்டரை யார் செலக்ட் பண்ணாங்க?"

யாரும் பண்ணவில்லை. அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் வந்தார். நோயாளி அவர் முகத்தை ஒருவேளை இரண்டு நிமிஷம் பார்த்திருப்பார். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசி விஷயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அந்த 6,000-மும் 2,400-மும் எங்கிருந்து வந்தன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கிளினிக்கும் ஒரு கட்டணப் பட்டியல் வைத்திருக்கும். இன்சூரன்ஸ் ஒப்பந்தங்களில், ஒத்துக்கொண்ட விலை, பில் விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவோம் என்று பெரும்பாலும் ஒரு ஷரத்து இருக்கும். எந்தக் கம்பெனி கூடுதலாகத் தருகிறதோ அதையும் தாண்டி ஒரு தொகையைப் பட்டியலில் போட்டுவைத்தால்தான் நஷ்டம் வராது. வயதானவர்களுக்கான அரசுத் திட்டமான மெடிகேர் தரும் விலையை எடுத்து, இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு என்று பெருக்கிப் பட்டியல் தயாரித்த கிளினிக்குகள் பல எங்களிடம் இருந்தன. நெட்வொர்க்குக்கு உள்ளே இருக்கும் வரை அந்தப் பட்டியல் விலையை ஒருவரும் கட்டுவதில்லை. டாக்டர் வெளியே நின்றால் அதே எண் முழுசாக ஒரு மனிதர் பெயரில் வீட்டுக் கடிதப் பெட்டியில் போய் விழும்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒபாமா காலத்துச் சட்டம் 2014 முதல், ஒருவர் ஓராண்டில் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. அந்த ஆண்டு தனிநபருக்கு 6,350 டாலர்; 2025-இல் 9,200. இந்த வரம்பு நெட்வொர்க்குக்குள் செலவழித்ததற்கு மட்டும். முழங்கால் நோயாளி கட்டிய அந்த 1,500 எந்தக் கணக்கிலும் சேராது. பல பாலிசிகளில் வெளி டாக்டருக்கென்று டிடக்டிபிளே தனி. அது நிரம்பும் வரை கம்பெனி ஒரு காசும் தராது.

ஆரம்ப வருஷங்களில் எங்களை மிகவும் அலைக்கழித்தது அந்த 900 தான். 2,400 பில்லுக்கு 900 நியாயம் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டால், "அந்தப் பகுதியில் வழக்கமாக வாங்கும் கட்டணம் அவ்வளவுதான்" என்பார்கள். எந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்றால், அது எங்கள் உள் விவகாரம் என்று பதில் வரும். ஒரே தெரு, ஒரே சிகிச்சை. இந்த மாதம் ஒரு விலை, அடுத்த மாதம் வேறு விலை. அப்பீல் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தது. காரணம் 2009-இல் வெளியே வந்தது. அப்போது நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ குவோமோ நடத்திய விசாரணையில், பெரிய கம்பெனிகள் பலவும் இன்ஜெனிக்ஸ் என்ற ஒரே தரவுத் தொகுப்பைத்தான் பார்க்கின்றன, அந்த இன்ஜெனிக்ஸோ யுனைடெட்ஹெல்த் என்ற இன்சூரன்ஸ் குழுமத்துக்கே சொந்தம் என்று தெரிந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கான கட்டணத்தை நியூயார்க்கில் 28 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்றது அந்த விசாரணை. பணம் கட்ட வேண்டியவனே நியாய விலையையும் நிர்ணயித்துக்கொண்டிருந்தான். சமரசத்தின் பேரில் அந்தக் குழுமம் 50 மில்லியன் டாலர் தர, ஃபேர் ஹெல்த் என்ற லாபநோக்கில்லாத தனி அமைப்பு உருவானது. அஞ்சல் குறியீட்டைப் போட்டு அந்தப் பகுதிக் கட்டணத்தைப் பார்க்கும் வசதி வந்த பிறகு எங்கள் அப்பீல் கடிதங்களுக்குக் கொஞ்சம் முதுகெலும்பு வந்தது. ஆனால் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. புதிய பாலிசிகளில் 'வழக்கமான கட்டணம்' என்ற பேச்சையே எடுத்துவிட்டு, மெடிகேர் விலையில் இத்தனை சதவீதம் என்று எழுத ஆரம்பித்தார்கள். அலவ்டு தொகை இன்னும் இறங்கியது. இறங்கிய அளவுக்கு நோயாளி தலையில் ஏறியது.

டாக்டர்கள் ஏன் நெட்வொர்க்குக்கு வெளியே நிற்கிறார்கள்? பேராசை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒப்பந்தப் பிரிவில் இருந்தபோது நான் பார்த்த இரண்டு கடிதப் போக்குவரத்துகள் வேறு மாதிரிப் பாடம் சொல்லின.

ஒருவர் குழந்தை மருத்துவர். தனியாகக் கிளினிக் நடத்தினார். பல வருஷமாக ஒரே விலை. வாடகையும் நர்ஸ் சம்பளமும் ஏறியிருந்தன. ஒரு கம்பெனிக்கு, தடுப்பூசிக்கும் சாதாரண விசிட்டுக்கும் சிறிது கூட்டித் தரக் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று மாதம் பதிலே இல்லை. திரும்ப எழுதியதற்கு, "இப்போதைய விலைப்பட்டியல்தான். விருப்பமில்லையென்றால் 90 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம்" என்று இரண்டு வரி வந்தது. அவர் விலகவில்லை. விலகினால் தாய்மார்கள் நெட்வொர்க்கில் இருக்கும் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார்கள். அதை எனக்குச் சொன்னபோது அவர் குரலில் இருந்த களைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொன்று மயக்க மருந்து டாக்டர்களின் ஒரு குழு. இரண்டு ஆஸ்பத்திரிகளின் ஆபரேஷன் தியேட்டர்கள் அவர்கள் கையில். அதே கம்பெனி இவர்களிடம் தானாகவே வந்து, உள்ளே வாருங்கள் என்று விலை சொன்னது. இவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். தராவிட்டால் வெளியிலேயே இருந்துகொள்கிறோம் என்றார்கள். வெளியே இருந்தாலும் நோயாளி வருவது நிற்காதே! ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்கிறது, சர்ஜன் இருக்கிறார், நோயாளி அவர்களை நம்பித்தான் வருகிறார். தியேட்டருக்குள் இவர்கள் காத்திருக்கிறார்கள். சில மாத இழுபறிக்குப் பிறகு கம்பெனி இறங்கி வந்தது. குழு நெட்வொர்க்கில் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு இப்படி எதிர்பாராமல் வந்து விழும் அதிர்ச்சி பில் வரவில்லை. ஆனால் கூடுதல் விலை ஒப்பந்தத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த வருஷம் பிரீமியத்தில் அது எல்லோருக்கும் பங்கு பிரிந்திருக்கும். ஒரு நாளும் ஆபரேஷன் செய்துகொள்ளாதவருக்கும் சேர்த்துத்தான்.

நோயாளி தானே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் டாக்டர் உள்ளே இருந்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்க முடியாத டாக்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மயக்க மருந்து, எமர்ஜென்சி, எக்ஸ்ரே-ஸ்கேன் படிப்பவர், திசுப் பரிசோதனை செய்பவர் - அதிர்ச்சி பில்கள் பெரும்பாலும் இந்த நாலு வாசல் வழியாகத்தான் வந்தன. வெளியே நிற்பவர் அனுப்பும் பில் கண்ணுக்குத் தெரிகிறது. வெளியே நிற்க முடியும் என்ற பலத்தைக் காட்டி உள்ளே வாங்கும் விலை யார் கண்ணிலும் படுவதில்லை. செலவை ஏற்றியதில் இரண்டாவதுக்கே பெரிய பங்கு என்பது என் முடிவு.

இதை நாங்கள் இருக்கையில் உட்கார்ந்து உணர்ந்துகொண்டிருந்த காலத்தில், யேல் பல்கலைக்கழகத்தின் ஸாக் கூப்பர், ஃபியோனா ஸ்காட் மார்டன் இருவரும் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெட்வொர்க்கில் உள்ள ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போனவர்களில் 22 சதவீதம் பேரை வெளி டாக்டர் பார்த்திருக்கிறார். அதற்குள் பங்கு முதலீட்டு நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு புரிந்துவிட்டது. எமர்ஜென்சி, மயக்க மருந்து டாக்டர் குழுக்களை நடத்தும் டீம்ஹெல்த்தை 2017-இல் பிளாக்ஸ்டோன் வாங்கியது. அதே தொழிலில் இருந்த என்விஷனை 2018-இல் கே.கே.ஆர். வாங்கியது. எங்களுக்கு வரும் ஈமெயிலில் கிளினிக் மேனேஜர்கள் இருந்த இடத்தில் 'ரெவின்யூ ஸ்ட்ராட்டஜி' என்று பதவி போட்டவர்கள் வந்தார்கள்.

டாக்டர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. எமர்ஜென்சிக்கு வருபவர் யாராக இருந்தாலும், காசு இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986-இலிருந்து அங்கே சட்டம் இருக்கிறது. நடுராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு வலியோடு வருபவரைப் பார்த்துவிட்டு ஒரு பைசா வராமல் நாங்கள் மூடிய கணக்குகள் எத்தனையோ. டாக்டர் எப்படியும் பார்த்தாக வேண்டும் என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியும். தெரிந்தே அடிமாட்டு விலை பேசிய கம்பெனிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

வெளியே இருக்கிறவர் எல்லோரும் வேண்டுமென்று இருக்கிறவரும் இல்லை. ஒரு புது டாக்டர் ஜூலையில் வேலைக்குச் சேர்வார். அவருடைய பட்டம், லைசென்ஸ், பழைய வழக்குகள் எல்லாம் சரிபார்த்து ஒரு கம்பெனி தன் நெட்வொர்க்கில் சேர்க்க மூன்று நாலு மாதம் ஆகும். பெரும்பாலான கம்பெனிகள் முன்தேதியிட்டுச் சேர்க்காது. நடுவில் அவர் பார்த்த நோயாளிக்கெல்லாம் அவர் வெளி டாக்டர். அது மட்டுமா, ஒரே டாக்டர் ஒரு முகவரியில் உள்ளே, இன்னொரு முகவரியில் வெளியே இருப்பார். ஒப்பந்தம் டாக்டரின் பெயரோடு அவர் பில் போடும் வரி எண்ணையும் இடத்தையும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. 2014-க்குப் பிறகு குறுகிய நெட்வொர்க் பாலிசிகள் பெருகியதில், ஒரே கம்பெனியின் ஒரு பாலிசிக்கு உள்ளே, மற்றதற்கு வெளியே என்றும் ஆனது. "எங்கள் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?" என்று நோயாளி கேட்டால் வரவேற்பில் இருக்கும் பெண் "ஓ, எடுத்துக்கொள்வோமே" என்பாள். கிளெய்ம் அனுப்புவோம் என்ற அளவில் அது உண்மைதான்.

என் அக்கா முறை ஆகும் ஒருவரின் மகன் டல்லாஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். 2018-இல் அவன் மனைவிக்குப் பிரசவம். ஐந்தாவது வாரம் எனக்குப் போன்.

"சித்தி, ஆஸ்பத்திரி நெட்வொர்க்ல இருக்கு, டாக்டரம்மா இருக்காங்க, எல்லாம் பார்த்துட்டுத்தானே போனோம். இப்ப எபிட்யூரல் போட்டதுக்குன்னு 3,200 டாலர் பில் வந்திருக்கு."

"அது இருக்கட்டும்டா. குழந்தையைப் பாலிசியில சேர்த்தியா?"

அதுதான் எனக்கு முதல் பதற்றம். கம்பெனி வழி இன்சூரன்ஸில் குழந்தை பிறந்த 30 நாளுக்குள் பெயரைச் சேர்த்தால் பிறந்த தேதியிலிருந்தே செல்லும். தவறினால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரும், குழந்தை பெயரில் வரும் ஆஸ்பத்திரி பில் முழுசும் பெற்றோர் தலையில். நல்லவேளை, ஆபீஸில் ஹெச்.ஆர். பெண் ஒருத்தி நினைவுபடுத்திச் சேர்த்திருந்தாள்.

பில்லை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். இன்சூரன்ஸ் 800 டாலரை அலவ்டு தொகையாக எடுத்து, அதை அப்படியே வெளி டாக்டருக்கான தனி டிடக்டிபிளில் போட்டுவிட்டு, கையிலிருந்து ஒன்றும் தரவில்லை. டெக்சாஸில் சட்டப்படி ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டான். அவன் கார்டைத் திருப்பச் சொன்னேன். கீழே சின்ன எழுத்தில், இந்தத் திட்டத்துக்குப் பணம் போடுவது அவன் கம்பெனி, இன்சூரன்ஸ் நிறுவனம் நிர்வாகம் மட்டுமே செய்கிறது என்று இருந்தது. அமெரிக்காவில் வேலை வழி இன்சூரன்ஸ் பெறுவோரில் பெரும்பான்மையினர் இப்படிப்பட்ட திட்டத்தில்தான் இருக்கிறார்கள். 1974-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று அவற்றை மாநில இன்சூரன்ஸ் சட்டங்களுக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. நியூயார்க்கில் 2015-இலேயே அதிர்ச்சி பில்லைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்தும், அங்கேயும் இந்த வகைத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் குடை எட்டவில்லை.

அவனுக்கு இரண்டு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒன்று இன்சூரன்ஸுக்கு: ஆஸ்பத்திரியும் பிரசவம் பார்த்தவரும் நெட்வொர்க்கில் இருந்தார்கள், மயக்க மருந்து டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை, ஆகவே உள் டாக்டர் கணக்கில் மறுபடி தீர்க்கவும். ஆறு வாரத்தில் மாற்றித் தீர்த்தார்கள். 640 டாலர் அவர்கள் கட்ட, அவன் பங்கு 160. மீதி 2,400 அப்படியே நின்றது. அது டாக்டர் குழுவுக்கும் அவனுக்கும் இடையிலான விவகாரம். இரண்டாவது கடிதம் அந்தக் குழுவுக்கு: ஒரே தவணையில் இன்றே கட்டுகிறேன், 1,000-க்கு முடித்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டார்கள். எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் கட்டச் சொன்னேன். கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போன பிறகு பேசுவது ரொம்பக் கடினம். இந்த வேலையில் இத்தனை வருஷம் இருக்கும் ஒரு சித்தி இல்லாத குடும்பங்கள் என்ன செய்தன என்று யோசித்தால் வயிறு எரியும்.

2020 டிசம்பர் 27-ஆம் தேதி கையெழுத்தான நோ சர்ப்ரைசஸ் சட்டம் 2022 ஜனவரி 1-இலிருந்து அமலுக்கு வந்தது. என் பணிக்காலத்தில் நோயாளிக்கு இவ்வளவு பெரிய நிம்மதி தந்த சட்டம் வேறில்லை. எமர்ஜென்சியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்குள் எந்த வெளி டாக்டர் தொட்டாலும், நோயாளி உள் டாக்டருக்கான பங்கை மட்டும் கட்டினால் போதும். வேலை தரும் கம்பெனி சொந்தமாகப் பணம் போடும் திட்டங்களுக்கும் இது பொருந்தும். இந்தச் சட்டத்தால் பிரீமியமே அரை முதல் ஒரு சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணித்திருந்தது. வெளியே நிற்பேன் என்று மிரட்டி உள்ளே விலை கேட்பதற்கான பலம் போய்விடும் அல்லவா, அந்தக் கணக்குதான்.

சட்டத்தில் ஒரு பின்வாசல் இருக்கிறது. முன்கூட்டியே நாள் குறித்த சிகிச்சையில், வெளி டாக்டர் 72 மணி நேரத்துக்கு முன் மதிப்பீட்டோடு ஒரு படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். மயக்க மருந்து, ஸ்கேன், திசுப் பரிசோதனை போன்றவற்றுக்கு அப்படி வாங்கவே முடியாது, சர்ஜன் வாங்கலாம். ஆஸ்பத்திரியில் நீட்டும் காகிதக் கட்டில் அந்த ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சட்டத்துக்குள் வந்தது; சாலையில் ஓடும் சாதாரண ஆம்புலன்ஸ் வரவில்லை. அடிபட்டுக் கிடக்கிறவர் எந்த வண்டி நெட்வொர்க்கில் இருக்கிறது என்று கேட்டு ஏற முடியுமா? இதை வெளியே விட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நோயாளி நடுவிலிருந்து விலகினார், சண்டை நிற்கவில்லை. டாக்டரும் கம்பெனியும் 30 வேலை நாள் பேசிப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த நாலு வேலை நாளுக்குள் நடுவரிடம் போக வேண்டும். இரு தரப்பும் ஆளுக்கொரு தொகையைச் சொல்ல, நடுவர் இரண்டில் ஒன்றை எடுப்பார். இடைப்பட்ட தொகை கிடையாது. எங்கள் தளத்தில் போன் பேசிக்கொண்டிருந்த ஒரு டீமே இந்த வழக்குகளைத் தயார் செய்யும் டீமாக மாறியது. 2022 ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய மட்டும் நாடு முழுக்க 90,000-க்கும் மேல் வழக்குகள். ஓராண்டு முழுக்க வரும் என்று அரசு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. முக்கால்வாசித் தீர்ப்பு டாக்டர் தரப்புக்கே போகிறது. பெரிய முதலீட்டாளர் பின்னணி உள்ள சில குழுக்களே பெரும்பங்கு வழக்குகளைப் போடுகின்றன. அந்தக் குழந்தை மருத்துவர் மாதிரி ஆட்களுக்கு இந்த வாசலால் ஒரு பயனும் இல்லை. முதலீட்டாளர் பின்னணி உள்ள குழுக்களுக்கும் எல்லாமே லாபம் இல்லைதான்; கே.கே.ஆர். வாங்கிய என்விஷன் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தது. ஆனால் நடுவரிடம் கிடைக்கும் கூடுதல் தொகை பிரீமியத்தில்தான் திரும்பி வரும். குறையும் என்று கணித்த அந்த ஒரு சதவீதம் என்ன ஆகும் என்பதே இப்போது என் கவலை.

இன்னொரு கை நடுவில் இருப்பதையும் சொல்ல வேண்டும். வெளி டாக்டரின் கிளெய்ம் போனதும் எங்களுக்கு ஒரு ஃபாக்ஸ் வரும். பெயர் தெரியாத ஒரு ரீபிரைசிங் கம்பெனி, "10,000 பில்லுக்கு 1,500 தருகிறோம், கையெழுத்துப் போட்டால் பத்து நாளில் பணம், நோயாளியிடம் மீதி கேட்கக் கூடாது" என்று எழுதியிருக்கும். நோயாளிக்கு நல்லதுதானே என்று தோன்றும். மிச்சமான 8,500-க்கு என்ன நடக்கிறது என்று எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. திட்டத்துக்குப் பணம் போடும் முதலாளியிடம், "உங்களுக்கு இவ்வளவு மிச்சப்படுத்தினோம்" என்று அதில் ஒரு சதவீதத்தை இன்சூரன்ஸ் நிர்வாகமும் ரீபிரைசிங் கம்பெனியும் கட்டணமாக வாங்கிக்கொள்ளும். முப்பது சதவீதம் என்று வைத்தால் 2,550 டாலர். சிகிச்சை செய்தவருக்குக் கிடைத்ததைவிட அதிகம். பட்டியல் விலை எவ்வளவு உப்பியிருக்கிறதோ அவ்வளவு 'மிச்சம்'. அந்த விலை உப்பிக் கிடப்பதில் இவர்களுக்கும் லாபம் இருக்கும்போது அதைக் குறைக்க யார் முன்வருவார்கள்?

இப்போது என்னிடம் அதிகம் வரும் போன்கள் காலர் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்தும் என் வயது ஆட்களிடமிருந்தும். மகளைப் பார்க்க, பேரனைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா போகிறார்கள். பயண இன்சூரன்ஸ் எதை எடுப்பது என்று கேட்கிறார்கள். விலை மலிவான திட்டங்களில் பல, எமர்ஜென்சிக்கு இவ்வளவு, ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை தருபவை. ஆஸ்பத்திரி பில்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. டிடக்டிபிளுக்கு மேல் ஒரு விகிதத்தில் முழு பில்லையும் பார்க்கும் திட்டமாக, நெட்வொர்க் உள்ளதாக எடுங்கள் என்கிறேன். நோ சர்ப்ரைசஸ் சட்டத்தின் இன்சூரன்ஸ் பாதுகாப்பு இந்தப் பயணத் திட்டங்களுக்குக் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று மகனையோ மகளையோ உட்கார வைத்து வாசிக்கச் சொல்கிறேன்.

அப்படியும் ஒரு பெரிய பில் வந்துவிட்டால், கிரெடிட் கார்டை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அங்கே பல பெரிய ஆஸ்பத்திரிகள் வரிவிலக்கு பெற்ற லாபநோக்கில்லாத ஸ்தாபனங்கள். அவை கட்டண உதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு உண்டா இல்லையா என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும்; கேட்டால்தான் தெரியும். பில்லிங் அலுவலகத்துக்குப் போன் செய்து, வரிவரியாகப் பிரித்த பில்லையும் கட்டண உதவி விண்ணப்பத்தையும் அனுப்பச் சொல்ல வேண்டும். பேசியவர் பெயர், தேதி, அழைப்பின் ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் அந்தப் பில்லின் பின்பக்கமே குறித்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.